நீலமேகத்தின் அறுபத்து நாலு

எங்கள் பட்டினச்சேரியில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எல்லாவற்றையும் பழுது பார்த்துவிடுவார்கள். படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள், வலையைத் தெரு நீளத்துக்கு விரித்துப் பொத்தல் அடைப்பார்கள். பல் பிடுங்க வேண்டியவன் பிடுங்கிக்கொள்வான், கண்ணாடி மாற்ற வேண்டியவன் மாற்றிக்கொள்வான். சுகர், பிரஷர், கொழுப்பு எல்லா டெஸ்ட்டும் அந்த இரண்டு மாதத்தில்தான். மற்ற மாதங்களில் எங்கள் ஆம்பிளைகளுக்கு வியாதியே கிடையாது. இருந்தாலும் அதைக் கேட்க ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது.

என் அப்பா நீலமேகமும் அப்படி வருஷத்துக்கு ஒரு தரம் உடம்பு உள்ளவராக இருந்தவர்தான். விசைப்படகில் டிரைவர். நல்ல டிரைவர். மகள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மகளாக அவரிடம் எனக்குக் குறைகள்தான் அதிகம். காரைக்கால் துறைமுகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், எந்த ஆழத்தில் எந்த மாதம் வலை விட வேண்டும் என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்களே போவார்கள். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. அந்தப் பெருமையை வைத்துத்தான் அவர் எழுந்திருப்பது, சாப்பிடுவது, சண்டை போடுவது எல்லாம்.

சுகர் அவருக்கு நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே வந்துவிட்டது. கால் பாதம் மரத்துப்போய்ச் சில வருஷமாகிறது. வீட்டுக்குள் செருப்போடு நடந்து வந்து, ஒரு செருப்பு வாசலிலேயே கழன்று கிடப்பது தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அம்மா கமலாம்பாள் அதை எடுத்து வந்து பக்கத்தில் போட்டால், "நானே எடுப்பேன்ல" என்று கோபம் வேறு வரும்.

நெஞ்சு வலி வந்தது ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு. படகிலேயே வந்தது. வலை இழுக்கிற வின்ச்சுக் கயிற்றை நெஞ்சில் சுற்றி இழுத்த மாதிரி இருந்தது என்று சொல்வார். வாந்தி எடுத்து, வியர்த்து ஊற்றி, பையன்கள் படகைத் திருப்பிக் கொண்டுவந்து, அங்கிருந்து தஞ்சாவூர் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தோம். அதிலிருந்து அவருக்கு ஒரு திடமான நம்பிக்கை. நெஞ்சு வலி என்றால் எப்படி இருக்கும் என்பது தனக்குத் தெரியும். அடுத்தது வந்தால் அடையாளம் கண்டுகொள்வார். சொந்தக்காரனை பஸ் ஸ்டாண்டில் அடையாளம் கண்டு கூட்டி வருவது போலத்தான் பேசுவார்.

படகு என் மாமா ஆனந்தராஜுடையது. அம்மாவின் தம்பி. மாமா அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார். வருஷாவருஷம் தடை முடிவதற்குள் அப்பா டெஸ்ட் எடுத்து, நம்பர் நன்றாக இருந்தால்தான் படகின் வீல் அவர் கையில். இல்லாவிட்டால் வேறு டிரைவர். மாமாவைக் குறை சொல்ல முடியாது. நடுக்கடலில் டிரைவர் சாய்ந்தால் படகில் இருக்கிற மற்றவர்கள் கதி என்ன? நானும் அம்மாவும் அந்தச் சட்டத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டோம். நாங்கள் கெஞ்சி நடக்காததை ஒரு நம்பர் நடத்திவைக்கும் என்று நினைத்தோம். கடலை விட்டுவிடுங்கள் என்று அம்மா எத்தனை தரம் கேட்டிருப்பாள் என்று எனக்குக் கணக்கு இல்லை. "விட்டுட்டு? ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கவா?" என்பார். அதோடு முடிந்தது.

நம்பர் என்றால் கெட்ட கொழுப்பு. எல்.டி.எல். எங்கள் தெருவில் பிள்ளைகளின் மார்க்கைவிட இதுதான் பிரபலம். தடைக்காலத்தில் நாலைந்து ஆம்பிளைகள் சேர்ந்து வெறும் வயிற்றோடு திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவில் இருக்கிற லேப்புக்கு நடந்து போவார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை முழங்கையில் மடக்கிக்கொண்டே எதிர்க்கடையில் பரோட்டா சாப்பிடுவார்கள். சாயங்காலம் நம்பர் வந்ததும் தெருவில் ஒரே அலசல். "ஒனக்கு நூத்தி நாப்பதா? செத்தடா நீ." அப்பாவுக்கு எப்போதும் குறைவுதான். ஒரு வருஷம் எழுபது, அடுத்த வருஷம் அறுபத்தெட்டு. இருக்கிறவர்களிலேயே சுகரும் ஸ்டென்ட்டும் உள்ளவர் அவர், நம்பரும் அவருக்குத்தான் நன்றாக இருந்தது. "மருந்து மாத்திரை ஒழுங்காப் போடணும்டா" என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்வார்.

அப்பாவைப் பார்த்துவந்தவர் டாக்டர் வைத்தியலிங்கம். நல்ல மனுஷன். காகிதத்தை வாங்கினால் நேரே அந்த ஒரு வரிக்குப் போவார், பேனாவால் ஒரு வட்டம் போடுவார், "பேஷ்" என்பார். மூன்று வருஷத்துக்கு முன்பு, கொழுப்பு மாத்திரை போட்டால் கெண்டைக்கால் இழுக்கிறது, வீலில் நிற்க முடியவில்லை என்று அப்பா சொன்னார். நம்பர்தான் நன்றாக இருக்கிறதே, பாதி போதும் என்று குறைத்துவிட்டார். அவரைத் திட்ட வேண்டும் என்று இப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

இந்த வருஷம் நம்பர் அறுபத்து நாலு.

அப்பா அதைத் தெருவுக்கே சொன்னார். போன் போட்டு மாமாவுக்குச் சொன்னார். மாமா அப்போதே இன்ஜின்காரனைக் கூப்பிட்டு வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லியிருக்கிறார். லேப்பில் ரத்தம் எடுத்த பையன் ஆபித் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதாக அப்பாவே சிரித்துக்கொண்டு சொன்னார். "என்ன மாமா, ஒங்க ரத்தத்த மிஷின்ல சுத்திப் பாத்தா மேல பால் ஊத்துன மாதிரி நிக்கிது. நேத்து எங்க விருந்து?" வைகாசி மாசம், எங்கேதான் விருந்து இல்லை? முதல் நாள் நெரவியில் ஒரு கல்யாணம். பிரியாணியும் சாப்பிட்டு, மண்டபத்துக்குப் பின்னால் நின்று கொஞ்சம் ஊற்றிக்கொண்டும்தான் வந்திருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடலில் இருக்கும் அப்பா வேறு, தரையில் இருக்கும் அப்பா வேறு. கடலில் சோறும் மீன்குழம்பும் கறுப்பு டீயும்தான். படகில் பாட்டில் ஏறக் கூடாது என்பது அவர் போட்ட கட்டளை. தரையில் இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, கல்யாணம், காதுகுத்து, கடைத்தெரு பரோட்டா, சாயங்காலமானால் கூட்டாளிகள். வேலையும் கிடையாது. நாங்கள் வருஷாவருஷம் தரையில் இருக்கிற ஆளின் ரத்தத்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். வேறு மாதத்தில் கொடுக்கலாம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. வலை பின்னுகிற மாதத்தில்தானே வலை பின்ன முடியும்?

டாக்டர் வைத்தியலிங்கம் இந்தத் தடவை மகளைப் பார்க்க வெளிநாடு போய்விட்டார். மாத்திரை எழுதித் தர ஆள் வேண்டும் என்பதால் காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் அந்தத் தெருவுக்குப் பக்கத்தில்தான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். டாக்டர் பெயர் ஷஃபீனா. வயது என்னைவிட ஒன்றிரண்டுதான் கூட இருக்கும். அப்பா அந்தப் பெண்ணைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்.

டாக்டர் காகிதத்தை வாங்கி மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். வட்டம் எதுவும் போடவில்லை.

"அய்யா, ஒங்களுக்கு எப்பவும் இதே மாசத்துலதான் ரத்தம் எடுப்பாங்களா?"

"தடையிலதாங்க எடுக்க முடியும். மத்த நேரம் கடல்ல இருப்போம்."

"ட்ரைகிளிசரைடுன்னு ஒரு கொழுப்பு இருக்கு, பாருங்க. முந்நூத்தித் தொண்ணூறு இருக்கு ஒங்களுக்கு."

"அது கெட்ட கொழுப்பு இல்லைங்களே. கெட்டது அறுபத்து நாலுதான்" என்றார் அப்பா, அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்லும் தோரணையில்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இந்த அறுபத்து நாலு அளந்தது இல்லைங்க. கணக்குப் போட்டது."

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். லேப்பில் மொத்தக் கொழுப்பை அளக்கிறார்கள், நூற்று எழுபத்திரண்டு. நல்ல கொழுப்பை அளக்கிறார்கள், முப்பது. ட்ரைகிளிசரைடை அளக்கிறார்கள். கெட்டதை மட்டும் பெரும்பாலும் அளப்பதில்லை. ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும், நல்லதையும் மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு, மிச்சம் இருப்பது கெட்டது என்று அச்சடித்துவிடுகிறார்கள். எழுபத்தெட்டும் முப்பதும் போனால் அறுபத்து நாலு.

"ட்ரைகிளிசரைடு கொறைச்சலா இருந்தா இந்தக் கணக்கு ஓரளவு சரியா வந்துடும். சுகர் இருக்கவங்களுக்கு அது ஏறித்தான் நிக்கும். விருந்து சாப்பிட்டா, குடிச்சா இன்னும் ஏறும். அது ஏற ஏற, கணக்கு கூடுதலாக் கழிச்சுடும். கெட்டது உள்ளதவிடக் கொறைவாத் தெரியும். சுகரும் ஹார்ட்டும் சேந்து இருக்கவங்களுக்குத்தான் இது சரியாத் தெரியணும், அவங்களுக்குத்தான் தப்பா வருது."

"அப்ப உண்மையில எவ்வளவு இருக்கும், மேடம்?"

"நேரா அளக்கற டெஸ்ட் இருக்கு. இங்க பண்றதில்ல, வெளில அனுப்பணும், வர நாளாகும். ஆனா இப்பவே ஒண்ணு சொல்லலாம். மொத்தத்துலேருந்து நல்லதக் கழிச்சா மிச்சம் நூத்தி நாப்பத்திரண்டு. ஸ்டென்ட் வச்சவருக்கு அது நூறுக்குள்ள இருக்கணும்."

இசிஜி எடுத்தார்கள். பழைய அட்டாக்கின் அடையாளம் தவிரப் புதிதாக எதுவும் இல்லை. மாத்திரையை இன்றிலிருந்து முழுதாகப் போடுங்கள், கால் இழுத்தால் வேறு மாத்திரை தருகிறேன், எக்கோ என்கிற இதய ஸ்கேன் ஒன்று எடுத்துவிடலாம், அது முடிகிற வரைக்கும் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்னார். எக்கோவுக்குக் கிடைத்த தேதி தடை முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான்.

"எனக்கு நெஞ்சு வலியே இல்லைங்களே" என்றார் அப்பா.

"இத்தன வருஷம் சுகர் இருக்குல்லங்க அய்யா. கால் மரத்துப்போன மாதிரி உள்ளயும் நரம்பு மரத்துப்போயிருக்கலாம். வலிக்காமலே வந்துட்டுப் போகலாம்."

"ஒரு தரம் வந்திருக்குங்க. எனக்குத் தெரியும்" என்றார். டாக்டர் எக்கோ சீட்டில் தேதியை எழுதி என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவர் பேருக்குக்கூடத் திட்டவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. வீட்டுக்கு வந்து நானே ஆரம்பித்தேன். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன்.

"அப்பா, துறைமுகத்துல பெட்டியோட எடை போட்டு ஐஸுக்குன்னு கழிப்பாங்கல்ல. ஐஸ எடுத்து நிறுத்துப் பாக்க மாட்டாங்க, குத்துமதிப்பா ஒரு கணக்கு வச்சிருப்பாங்க. கழிச்சது அதிகமாப் போனா, மீன் எடை கொறைஞ்சுதானே எழுதுவாங்க? உள்ள மீன் இருக்கும், துண்டுச் சீட்டுல இருக்காது. அதுமாதிரிதான் இந்த அறுபத்து நாலு."

சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். ஐஸ் கழிவு விஷயத்தில் அவர் வியாபாரிகளோடு போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புரியத்தான் செய்தது.

"சரி, அதிகமாவே கழிச்சுட்டான்னு வையி. ஏலம் கூறி முடிச்சதுக்கு அப்புறம் மறுபடி பெட்டியக் கொட்டி நிறுப்பாங்களா? துண்டுல எழுதுன எடைதான் எடை. அதுக்கு அப்புறம் பேசறவன் ஆம்பிள இல்ல. ஆனந்துக்கு நம்பர் சொல்லியாச்சு, வீல் எனக்குன்னு ஆயாச்சு. இப்பப் போயி இல்ல இல்ல, திருப்பி நிறுத்துப் பாருன்னு நானே சொல்லவா?"

"அது மீனுப்பா. இது ஒங்க ரத்தம்."

"வார்த்தை வார்த்தைதான்."

எங்கள் துறைமுகத்தில் அது நியாயம்தான். கூறி முடித்த ஏலத்தைக் கலைத்தால் கை நீட்டிவிடுவார்கள். அந்த நியாயத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தன் ரத்தக் குழாயில் வைத்தார். நான் கொண்டுபோன உதாரணத்தாலேயே என் வாயை அடைத்தார். முழு மாத்திரையும் போட மாட்டேன், வீலில் கால் இழுக்கும், தங்கல் முடித்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் படகு போனால் நாலைந்து நாள் தங்கித்தான் வரும்.

நேரடி டெஸ்ட்டுக்கு ரத்தம் மட்டும் கொடுக்கவைத்தேன். அதற்கே அம்மா ஒரு வேளை சோறு பொங்க மாட்டேன் என்று உட்கார வேண்டியிருந்தது. பிறகு துறைமுகத்துக்குப் போய் மாமாவைப் பார்த்தேன். படகுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா கையிலும் சட்டையிலும் நீலம்.

"மாமா, அப்பா சொன்னது கணக்குப் போட்ட நம்பராம். அளந்த நம்பர் இன்னும் வரல. எக்கோவும் எடுக்கணும். டாக்டர் அதுவரைக்கும் அனுப்பாதீங்கன்னு சொல்றாங்க."

மாமாவுக்கு நம்பரில் இரண்டு ஜாதி உண்டு என்பதே புதிது. நான் எழுதிக்கொண்டு போயிருந்த கழித்தலைக் காட்டினேன். நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா படகின் மறுபக்கத்திலிருந்து வந்தார். என்னை அங்கே பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"மச்சான், பாப்பா என்னமோ சொல்லுது. ஒடம்புக்கு எதுவும் பண்ணுதா?"

"ஒண்ணும் இல்ல. புது டாக்டரு, சின்னப் பொண்ணு, பயந்துக்குது."

"சத்தியமா?"

"ஏன், என் வார்த்தைய நம்பலையா நீ?"

அதற்கு மேல் மாமாவால் என்ன செய்ய முடியும்? அக்காள் புருஷன். வயதில் மூத்தவர். படகில் வேலை செய்கிறவர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "நீங்க சொன்னா சரி மச்சான்" என்று தூரிகையை எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய், யாருடையதோ கணக்கை உட்கார்ந்து அடித்தேன். அந்தக் கணக்கெல்லாம் சரியாகத்தான் வந்தது.

தடை முடிந்த அன்று எல்லாப் படகும் கிளம்பின. மாலை, எலுமிச்சம்பழம், பட்டாசு, எல்லாம் இருந்தது. அம்மா திருநீறு பூசி அனுப்பிவிட்டு வந்து, அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் கிளம்பிய மறுநாள் டாக்டர் ஷஃபீனா ஆபீஸுக்குப் போன் செய்தார். நேரடியாக அளந்ததில் தொண்ணூற்று மூன்று.

"ஒங்கப்பாவுக்கு இது ரொம்பக் கூடுதல்ங்க. அம்பத்தஞ்சு பக்கம் கொண்டு வரணும். இத்தன வருஷமா இதே மாதிரி இருந்திருக்கலாம். அப்பா இருக்காங்களா?"

"கடலுக்குப் போயிட்டாங்க, மேடம்."

"வந்ததும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "தொண்ணூத்தி மூணுன்னா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. கெட்டது என்றேன். "சரி" என்று கரண்டியைப் போட்டுக் கிளறினாள். அப்பாவின் போனுக்கு அடித்தேன், எல்லைக்கு வெளியே என்றது. மாமாவிடம் போய், வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்லுங்கள் என்று கேட்டேன். வழியில் ஆஸ்பத்திரியில் வாங்கிப் போயிருந்த லேப் காகிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். அதில் ஓரமாக, நூறுக்குக் கீழே இருந்தால் சரி என்று அச்சடித்திருந்தது. அது ஒரு வியாதியும் இல்லாதவனுக்குச் சொன்னது, ஸ்டென்ட் வைத்த சுகர்க்காரனுக்கு இல்லை என்று நான் சொன்னேன். "நூறுக்குக் கீழதானே பாப்பா இருக்கு. வலை எறக்கியிருப்பாரு. இதச் சொல்லிக் கூப்பிட்டா, மத்த படகுக்காரன்லாம் வயர்லெஸ்ல கேட்டுக்கிட்டு இருப்பான். அவர் மானம் போயிடும்." அவர் சொன்னதும் ஒரு விதத்தில் சரி. எல்லாருமே ஒரு விதத்தில் சரியாகத்தான் இருந்தார்கள்.

அந்த நாட்களில் நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. பயந்துகொண்டே இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி இருந்தேன். வேலைக்குப் போனேன், வந்தேன், சீரியல் பார்த்தேன்.

அப்பா வந்தார். நல்ல மீன்பாடு. இறால் மட்டுமே பெட்டி பெட்டியாக இறங்கியது. தடை முடிந்த முதல் தங்கலில் எங்கள் படகுக்குத்தான் அதிகம் என்று துறைமுகமே பேசியது. வீட்டுக்கும் ஒரு பை வந்தது. அம்மா தொக்கு வைத்தாள், தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தாள். அப்பா கொஞ்சம் களைத்திருந்தார். படியேறும்போது நடுவில் நின்றார். கடலிலிருந்து வந்தால் யார்தான் களைக்க மாட்டார்கள்? தொண்ணூற்று மூன்றைச் சொன்னேன். பாடு நன்றாக இருந்த சந்தோஷத்தில் கோபப்படக்கூட இல்லை. "சரி, அந்த எக்கோவையும் எடுத்துத் தொலைச்சுடுவோம். வெள்ளிக்கெழம மறுபடி கெளம்பணும்" என்றார்.

எக்கோ அறையில் இருட்டாக இருந்தது. டாக்டர் ஷஃபீனா அவர் நெஞ்சில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். திருப்பி வைத்தார், மறுபடி பார்த்தார். வெளியே வந்து இசிஜி எடுக்கச் சொன்னார். பழைய இசிஜியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அய்யா, கடல்ல இருந்தப்ப நெஞ்சு வலிச்சுதா?"

"இல்லைங்களே."

"வியர்த்துச்சா? மூச்சு வாங்குச்சா? எதாவது?"

அப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ஒரு நா காலைல அசதியா இருந்துச்சு. கொஞ்சம் வேர்த்துச்சு. இன்ஜின் பொகைன்னு நெனச்சேன். பையனக் கொஞ்ச நேரம் வீலப் புடிக்கச் சொல்லிட்டுப் படுத்தேன், சரியாப் போச்சு. அன்னைக்குத்தாங்க எறா மாட்டுச்சு."

"அன்னைக்குத்தான் ஒங்களுக்கு அட்டாக் வந்திருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்லச் சொல்லி டாக்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேனோ என்கிற மாதிரி ஒரு பார்வை. டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். சுருங்கி விரிகிற இதயத்தில் ஒரு பக்கம் மட்டும் சும்மா இருந்தது. பழைய அட்டாக் வேறு இடம், இது புதிது என்றார். இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற தெம்பு முப்பத்தைந்துக்கு வந்துவிட்டது, சாதாரணமாக அறுபது இருக்க வேண்டும் என்றார். இன்றைக்கே தஞ்சாவூர் போக வேண்டும், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

"அந்த டெஸ்ட்ட மூணு வருஷம் முன்னாடியே எடுத்திருந்தா?" என்று அப்பா கேட்டார்.

"தெரியலைங்க அய்யா. மாத்திரையக் கொறைச்சிருக்க மாட்டாங்க. கொறைக்காம இருந்தா வராமலும் இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். வீல் சேர் வருகிற வரைக்கும் நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அப்பா அதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் அம்மாவைக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் என்ன சொல்வது என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். அதற்குள் அவர் போன் அடித்தது. மாமா. அப்பாவுக்கு இன்ஜின் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்ன மச்சான், பாத்தாச்சா? நம்பர் என்னவாம்?"

"முப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சா! அடி சக்க! இந்தப் பாப்பா சும்மா நம்மளப் பயங்காட்டிச்சு பாருங்க. அப்ப நான் ஐஸ் ஏத்தச் சொல்லிடறேன். பசங்கள்லாம் ஒங்களத்தான் கேக்கறானுவ. நீங்க வந்தாத்தான் எறா வரும்ங்கறானுவ."

நான் போனுக்குக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. அந்தப் பக்கம் மாமா "மச்சான், மச்சான்" என்று இரண்டு தரம் கூப்பிட்டார்.

"இது அந்த நம்பர் இல்ல ஆனந்து. இது கொறையக் கூடாதாம். எனக்குக் கொறைஞ்சு போச்சு." போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், "நீ வேற டிரைவரப் பாத்துக்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவைக்கத்தான் நானும் அம்மாவும் இத்தனை வருஷமாகக் கெஞ்சியிருக்கிறோம், அழுதிருக்கிறோம், பட்டினி கிடந்திருக்கிறோம். வந்தபோது எனக்குச் சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. மாமா இன்னும் லைனில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா போனை அணைக்காமல் அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார்.